மறதிக்காரர் எழுதிய எட்டுப் பக்கம்

உ
காரைக்குடி
12-1-1966

தம்பி மெய்யநாதனுக்கு ஆச்சி நாகம்மை எழுதுவது. இங்கே எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு, தூங்கிக்கிட்டு, ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கிட்டுச் சுகமாகவே இருக்கோம். உன் வயிற்றுவலி எப்படி இருக்கு? ஓட்டல் சாம்பாரைக் குறைச்சுக்கோ.

நீ அனுப்பின ‘மின்னல் முரசு’ மூணு இதழும் வந்துச்சு. ‘ஏழாவது பெயர்’ தொடர்கதையை வாசிச்சேன். எழுதினவர் வஜ்ரபாணியாம்! இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கிற மகன் வாரம் ஒருக்கா வஜ்ரபாணி ஆகுறான்னு அப்பச்சிக்குத் தெரியாமலே கண்ணை மூடினாகளே, அது அவுக செய்த புண்ணியம். அந்தப் பேர் உன்னுதுன்னு இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது அப்படியே இருக்கட்டும். வெளியே தெரிஞ்சால் எனக்குத்தான் வெட்கம்.

கதையாடா இது? உளவாளி பிரதாப்பை ரங்கூன் துறைமுகத்தில் எவனோ மண்டையில் அடிக்கிறான். முழிச்சுப் பார்த்தால் தன் பேரே மறந்துபோச்சு. சட்டைப் பையில் ஏழு பாஸ்போர்ட், ஏழு பேர். சரி, போகட்டும். ஆனால் அவனுக்குத் துப்பாக்கி சுட மறக்கலை, கார் ஓட்ட மறக்கலை, இங்கிலீஷ் மறக்கலை, பொம்பளையைக் கண்டால் புருவத்தைத் தூக்கக்கூட மறக்கலை. எது வேண்டாமோ அது மட்டும் மறந்திருக்கு. இதை நாற்பதாயிரம் பேர் காசு கொடுத்து வாங்குறாங்கன்னு வேறு எழுதியிருக்கே.

கடைசியில் நைசாக ஒண்ணு கேட்டிருக்கே: ‘அத்தானைக் கவனிச்சு எழுதுங்க, ஞாபகம் போனவர் எப்படி இருப்பார்னு தெரிஞ்சால் கதைக்கு உதவும்’னு. ஓகோ, அதுக்குத்தான் இந்த வாரம் என் முழங்கால்வலியை விசாரிச்சியா? உங்க அத்தான் 64-ல் ரங்கூன் கப்பலில் வந்து இறங்கினப்ப நெற்றியில் தையலோடு வந்தாக. கப்பல் படியில் விழுந்ததாம். அங்கே இருந்த பன்னிரண்டு வருஷமும் அழிஞ்சுபோச்சுன்னு சொன்னாக. மூணு வருஷத்துக்கு ஒருக்கா லீவில் ஊருக்கு வந்துபோனது மட்டும் நல்லா ஞாபகம் இருக்காம். இதுக்கு மேல் எனக்கு ஒண்ணும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கோ.

ஆச்சி
நாகம்மை


திருவல்லிக்கேணி, சென்னை
25-1-1966

ஆச்சிக்குத் தம்பி மெய்யநாதன் வணங்கி எழுதிக்கொண்டது. வயிற்றுவலி தேவலை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நெஞ்சுதான் வலிக்கிறது.

எல்லாரும் பாராட்டுகிறார்கள், ஆச்சி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் கதையைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டேன். ‘தொந்தரவு பண்ணாதீங்க சார்’ என்றார். எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நீங்கள் திட்டினாலும் திட்டுக்கு நடுவில் ஏதாவது உருப்படியாக இருக்கும் என்றுதான் கேட்கிறேன். வசதியான மறதி என்று சொல்கிறீர்கள். அப்படியென்றால் நிஜமான மறதி எப்படி இருக்கும்? ஒரே ஒரு கடிதத்தில் எழுதுங்கள். அத்தானுக்கு என் வணக்கம். அவருக்கு என்னை ஞாபகம் இருக்கிறது அல்லவா?

மெய்யநாதன்


உ
காரைக்குடி
20-2-1966

தம்பிக்கு ஆச்சி எழுதுவது. இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை, என் முழங்காலைத் தவிர.

உன்னை நல்லா ஞாபகம் இருக்காம். கல்யாணத்தில் நீ இரண்டு தரம் பாயசம் வாங்கினது வரைக்கும் சொன்னாக.

நிஜ மறதி வேணும்னால் செக்காலைக்கு வந்து பார். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் சத்தியமூர்த்தி இருக்காரே, அவருக்குப் போன வருஷத்திலிருந்து புத்தி நழுவிப்போச்சு. போற வாற ஆளையெல்லாம் நிறுத்தி ‘என் வீடு எங்குட்டு இருக்கு?’ன்னு கேக்குறார். வீட்டு வாசலில் நின்னுக்கிட்டே கேக்குறார். சொன்னால் நம்ப மாட்டார், அழுவார். சட்டைப் பையைத் துழாவுவார், எதையோ தொலைச்ச மாதிரி. மறந்தவனுக்கு நிம்மதி கிடையாது தம்பி. கேட்டுக்கிட்டே இருப்பான்.

உங்க அத்தான் இந்த இரண்டு வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், ‘ரங்கூனில் நான் என்ன செஞ்சேன்? எங்கே இருந்தேன்? யார் கூட இருந்தேன்?’னு கேட்டதில்லை. பன்னிரண்டு வருஷம் தொலைஞ்சிருக்கு. ஒரு துண்டு தொலைஞ்சால்கூட வீட்டைத் தலைகீழாக்குற மனுசர் அவுக.

இதை உன் கதையில் எழுதித் தொலைக்காதே.

போன வாரம் கோவிலூரிலிருந்து கருத்தையான்னு ஒருத்தர் வந்தார். ரங்கூனில் நம்ம ஆட்கள் வட்டிக்கடை வச்சுத் தங்கியிருந்த கிட்டங்கியில் சமையல் பார்த்தவராம். கையில் ஒரு காகிதம் கொண்டுவந்தார். உங்க அத்தான் வாசல் முகப்பிலேயே நிறுத்தி, ‘நீ யார்னே எனக்குத் தெரியாது’ன்னு திருப்பி அனுப்பிட்டாக. பிள்ளையில்லாத எங்களுக்குக் கொழுந்தனார் மகன் முத்தப்பனைச் சுவீகாரமாகப் பிள்ளை கூட்டணும்னு பேச்சு நடக்குது. அந்த இருபது வயசுத் தடியன் இப்பவே முற்றத்தைச் சுற்றின வளவில் நடக்கையில் தூண்களை எண்ணுறான்.

ஆச்சி
நாகம்மை


சென்னை
18-3-1966

ஆச்சிக்கு, அடிக்கக் கை ஓங்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் மெய்யநாதன் எழுதுவது.

எழுதிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் ராணுவ டாக்டர் பிரதாப்பைப் பார்த்துச் சொல்கிறார்: ‘உண்மையில் மறந்தவன் தேடுவான். நீ தேடவில்லை. நீ நடிக்கிறாய்!’ இருநூறு கடிதம் வந்திருக்கிறது. ஆசிரியர் என்னை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்.

ஆனால் ஆச்சி, அந்தக் கருத்தையா யார்? என்ன காகிதம்? சமையல் செய்தவர் கோவிலூரிலிருந்து பஸ் ஏறி எதற்கு வரவேண்டும்? நீங்கள் பிள்ளை கூட்டுகிற பேச்சுக்குத் தாவிவிட்டீர்கள். எனக்குக் கதை வேண்டாம். விஷயத்தைச் சொல்லுங்கள்.

மெய்யநாதன்


உ
காரைக்குடி
18-5-1966

தம்பிக்கு. இரண்டு மாசம் பதில் போடலை. சுகமில்லாமல் இல்லை, எழுத மனசு இல்லை.

எழுதாதேன்னா எழுதுவே. உன் ஒன்பதாம் அத்தியாயம் இந்த வீட்டில் என்ன பண்ணுச்சு தெரியுமா? உங்க அத்தான் உன் கதையை வாசிக்கிறாக. பஞ்சாங்கத்துக்குள்ளே வச்சு வாசிக்கிறாக. எந்த மனுசன் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் பஞ்சாங்கம் பார்ப்பான்? அந்த அத்தியாயம் வந்த மறுநாள் காலையில் காபியை வச்சேன். நிமிர்ந்து பார்த்து, ‘ஏ நாகம்மை, ரங்கூனில் நான் எப்படி இருந்தேன்னு யாராச்சும் சொன்னாகளா?’ன்னு கேட்டாக.

இரண்டு வருஷத்தில் முதல் கேள்வி! அன்னையிலிருந்து நாளைக்கு ஒண்ணு. ‘என் கூட யார் இருந்தா?’ ‘எனக்கு என்ன சாப்பாடு?’ நெற்றியைத் தேய்ச்சுக்கிட்டே கேக்குறாக. உன் கதையைப் பார்த்து மறதியைத் திருத்திக்கிறாக. அடுப்படியில் போய்ச் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. இப்படி ஒரு ஆளுக்கா பன்னிரண்டு வருஷம் விரதம் இருந்தேன்னு என் மேலேயே காறித் துப்பணும் போல இருந்துச்சு.

கருத்தையா விஷயத்தைச் சொல்லுறேன். அவர் மறுபடியும் வந்தார். உங்க அத்தான் இல்லாத நேரம். ரங்கூனில் உங்க அத்தானுக்கு ஒரு பர்மாக்காரப் பெண் இருந்தாள். நல்லவள்ங்கிறார். போன வருஷம் காய்ச்சலில் செத்துப்போனாள். ஒன்பது வயசில் ஒரு பெண் பிள்ளை. பக்கத்து வீட்டில் சோறு போடுறாங்க. கருத்தையாவின் தம்பி குடும்பம் ஐப்பசியில் கப்பல் ஏறுது. அந்தப் பிள்ளையையும் கூட்டி வரலாம். ஆனால் ‘இது என் மகள்’னு தகப்பன் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தால்தான் ஏத்துவாங்களாம். அந்தக் காகிதம்தான் அவர் கொண்டுவந்தது. கையெழுத்துப் போடச் சொன்னதுக்கு உங்க அத்தான், ‘எனக்கு ஞாபகம் இல்லை, எவளோ சொத்துக்கு ஆசைப்படுறா’ன்னாக. வீடே ஆமாம் போடுச்சு.

அந்தப் பிள்ளைக்கு வச்சிருக்கிற பேரை நான் வாயால் சொல்லக் கூடாது. எழுதவும் கூடாது. உனக்குப் புரியும்.

அவள் மேலே எனக்குக் கோபம் இல்லைன்னு சொன்னால் பொய். அந்தப் பிள்ளை மேலே பாசம் பொங்குதுன்னு சொன்னாலும் பொய். ஆனால் ஐப்பசிக்குள்ளே ஒரு கையெழுத்து விழலைன்னால் அது அங்குட்டே அநாதையாக நிக்கும். அதை நினைச்சால் சோறு இறங்கலை.

இப்போ நான் சொல்லுறதைக் கேள். நீ எழுதுற குப்பையில் பத்துப் பக்கமாவது ஒரு காரியத்துக்கு உதவட்டும். உங்க அத்தானுக்கு எதைப் பொறுத்தாலும் ரங்கூன் தொழிலைப் பத்தி எவனாவது தப்பாகச் சொன்னால் பொறுக்காது. கிட்டங்கியைத் தப்பாக எழுது. தெருவைத் தப்பாக எழுது. கண்ணை மூடிக்கிட்டுத் தப்பு பண்ணு, உனக்கு அது கஷ்டமே இல்லை.

ஆச்சி
நாகம்மை


சென்னை
30-5-1966

ஆச்சிக்கு மெய்யநாதன். உங்கள் முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நான்கு தரம் வாசித்தேன். நீங்கள் எழுதக்கூடாத பேரை நான் எழுதலாம். அவர் எனக்கு மாமியார் இல்லையே. நாச்சியம்மை. அத்தானைப் பெற்ற தாயின் பேர். தலைப்பெண்ணுக்குத் தகப்பனைப் பெற்றவள் பேரை வைப்பது நம் வழக்கம் என்று ரங்கூனில் இருந்த ஒரு பர்மாக்காரிக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அத்தான்தான் வைத்திருக்க வேண்டும். மடியில் போட்டுக் கூப்பிட்டும் இருப்பார்.

தப்பு எழுதச் சொல்கிறீர்கள். ரங்கூனைப் பற்றி நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன், தெரியுமா? அதைத் தூக்கிப்போட்டுவிட்டு எழுதினால் வஜ்ரபாணிக்கு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். சரி. எழுதுகிறேன். வஜ்ரபாணி நாசமாகப் போகட்டும்.

மெய்யநாதன்


உ
காரைக்குடி
10-7-1966

தம்பிக்கு. தைலம் வந்துச்சு. நாற்றம் தாங்கலை, வலி கேட்டுச்சு.

பலன் தெரியுது. கிட்டங்கியில் மேஜை நாற்காலி போட்டு எழுதியிருந்தே பார், அந்த வெள்ளிக்கிழமை பஞ்சாங்கத்தைப் படார்னு மூடினாக. இரண்டாம் வாரம், முகல் தெருவிலிருந்து கப்பல்துறைக்குப் பிரதாப் ஒரு மணி நேரம் காரில் பறந்தானே, அன்னைக்குச் சாப்பிடும்போது தனக்குள்ளேயே ‘மடையன், மடையன்’னு சொல்லிக்கிட்டாக. யாரைன்னு கேட்டேன். ‘வாய்க்குள்ளே கல்லு’ன்னாக. மூணாம் வாரம் தாங்க முடியலை. ‘ஏ நாகம்மை, இந்த மாதிரிக் கதை எழுதுறவனெல்லாம் ரங்கூனை ஒரு தடவையாச்சும் பார்த்திருப்பானா?’ன்னு கேட்டாக. ‘எனக்கென்ன தெரியும், நீங்கதானே போனவுக’ன்னேன். உடனே கை நெற்றிக்குப் போச்சு. ‘எனக்கு எங்கே ஞாபகம் இருக்கு’ன்னாக.

முணுமுணுப்பு போதாது. வாய் விட்டு வரணும். இன்னொண்ணு செய். இதைச் சொல்ல எனக்கு மனசு கூசுது. பிரதாப்புக்கு ஒரு பர்மாக்காரப் பெண்டாட்டி இருந்தாள்னு எழுது. ஒன்பது வயசில் பெண் பிள்ளை வை. அந்தப் பெண்டாட்டியை மட்டமானவள்னு எழுது, அந்தப் பிள்ளை எவனுக்குப் பிறந்துச்சோன்னு எழுது. செத்தவளைப் பழிக்கிறோம், அவள் என்னை மன்னிக்கட்டும். கூட வாழ்ந்த மனுசனுக்கு ஒரு சொட்டு ரத்தம் இருந்தால் அதை வாசிச்சுக் கொதிக்கணும். மேஜைக்குக் கொதிச்ச ஆள் இதுக்குக் கொதிக்காமல் போவாகளா?

கருத்தையா மூணாம் தரம் வந்தார். முகப்பில் செருப்பைக் கழற்றக்கூட விடலை. வெயிலில் நின்னுட்டுப் போனார். மோர் கொடுத்தேன், வேண்டாம்னுட்டார்.

ஆச்சி
நாகம்மை


சென்னை
9-8-1966

ஆச்சிக்கு மெய்யநாதன். அவசரமாக எழுதுகிறேன். சுகம்தான்.

இன்று ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை எறிந்தார். எட்டுப் பக்கம். உறையில் நம் ஊர் முத்திரை. அனுப்பியவர் பேர் ‘ரங்கூன் ரசிகன்’, செக்காலை ரோடு. யாருடைய கையெழுத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷம் ரங்கூனிலிருந்து உங்களுக்கு வந்த கடிதங்களின் உறையை நான்தானே ஸ்டாம்புக்காக வாங்கிக் கிழிப்பேன். அசலை இணைத்திருக்கிறேன். தபாலில் தொலைந்தால் என்ன செய்வது என்று பயந்து, முக்கியமான வரிகளை இங்கே பெயர்த்தும் எழுதிவிட்டேன்:

‘ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் இதழில் வஜ்ரபாணி என்பவர் எழுதும் தொடரை வாசித்து மனம் புண்பட்ட ஒரு வாசகன் எழுதுவது. இவர் ரங்கூனைக் கனவில்கூடக் கண்டவர் அல்ல. கிட்டங்கியில் மேஜை ஏது, நாற்காலி ஏது? தரையில் பாய், பாயின் மேல் கைப்பெட்டி, பெட்டிக்குப் பின்னால் கடையை நடத்தும் மேலாள். நான் உட்கார்ந்த இடம் வாசலிலிருந்து வலப்பக்கம் மூன்றாவது பெட்டி. அதன் வலது பூண் 1958-ல் மாற்றப்பட்டது. முகல் தெருக் கிட்டங்கியிலிருந்து கப்பல்துறைக்கு நடந்தே பத்து நிமிஷம். அதற்கு ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டிய பிரதாப் என்னும் மூடன் எந்த ஊரைச் சுற்றினான்? மழைக்காலத்தில் மாடிப்படியின் ஐந்தாம் கட்டை வழுக்கும் என்பதை அங்கே இருந்தவர் எவரும் மறக்க மாட்டார்...’

மறக்க மாட்டாராம், ஆச்சி.

மெய்யநாதன்


உ
காரைக்குடி
25-8-1966

தம்பிக்கு. அசல் பத்திரமாக வந்துச்சு. என் அரிசிப் பானைக்குள் இருக்கு.

எட்டுப் பக்கத்தையும் வாசிச்சேன். அப்புறம் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி வாசிச்சேன். எங்கேயாச்சும் ஒரு வரி இருக்கும்னு தேடினேன். மேஜைக்கு ஒரு பக்கம். தெருவுக்கு ஒன்றரைப் பக்கம். பெட்டிப் பூணுக்கு அரைப் பக்கம். பர்மா அரிசியில் எத்தனை ரகம்னு இரண்டு பக்கம். மிச்சம் மூணு பக்கமும் அங்கே தனக்கு இருந்த மரியாதை. அந்தப் பெண்ணை நீ வேசின்னு எழுதினே. அந்தப் பிள்ளையை எவனுக்கோ பிறந்ததுன்னு எழுதினே. அதைப் பத்தி ஒரு வரி இல்லை. ஒரு சொல் இல்லை. ‘தப்பு’ன்னு மூணு எழுத்து எழுத மனசு வரலை. பூண் மாத்தின வருஷம் எழுதியிருக்காக.

ரங்கூனில் ஒருத்தி இருந்தாள்ங்கிறதை நான் தாங்கிக்கிட்டேன். பொய்யையும் தாங்கிக்கிட்டேன். இந்த எட்டுப் பக்கத்தை என்னால் தாங்க முடியலை. இவ்வளவு சின்ன ஆளுன்னு எனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போச்சே!

நேற்று மத்தியானம் இலை போட்டுச் சோறு வச்சேன். ‘பத்திரிகையில் ஒரு மேதாவி கடிதம் எழுதியிருக்கார், வாசிக்கட்டுமா?’ன்னு கேட்டேன். வாசிச்சேன். மேஜை நாற்காலி வரைக்கும் சாப்பிட்டுக்கிட்டே கேட்டாக, தலையைக்கூட ஆட்டினாக. அச்சில் வந்திருச்சுன்னு நினைப்பு. பூண் வந்த இடத்தில் நிமிர்ந்து என் கையைப் பார்த்தாக. தன் காகிதம், தன் மசி. கை இலையிலேயே நின்னுபோச்சு.

‘உனக்கு எப்படிக் கிடைச்சது?’ன்னாக. ‘அதை விடுங்க. ஐந்தாம் கட்டை வழுக்கும்னு ஞாபகம் இருக்கு, பெற்ற பிள்ளை ஞாபகம் இல்லையா? கருத்தையாவின் காகிதத்தில் கையெழுத்துப் போடுறீகளா, இல்லை இதை முகப்பில் பங்காளி எல்லாரையும் உட்கார வச்சு வாசிக்கட்டுமா?’ன்னேன்.

அழுவாகன்னு நினைச்சேன். பேரம் பேசினாக! முத்தப்பனைப் பிள்ளை கூட்டணும்னால் நானும் மனையில் உட்காரணும்ல. வக்கீல் சிவசங்கரன் வேறு, சட்டம் மாறிப்போச்சு, பெண்டாட்டி சம்மதம் இல்லாமல் செல்லாதுன்னுட்டார். இத்தனை நாளாக நான் பிடி கொடுக்கலை. ‘நீ மனையில் உட்கார், நான் கையெழுத்துப் போடுறேன்’னாக. ‘உங்க கையெழுத்து முதலில்’னேன். ‘சம்மதமா?’ன்னாக. ‘சம்மதம்’னேன்.

ஒரு வாரம் தவணை கேட்டிருக்காக. திடீர்னு ஞாபகம் வந்துச்சுன்னு வீட்டில் எப்படிச் சொல்லுறதுன்னு யோசிக்கணுமாம்.

நாகம்மை


சென்னை
15-10-1966

ஆச்சிக்கு மெய்யநாதன். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. சுகமா, இல்லையா என்று ஒரு வரி போட்டால் என்ன?

ஐப்பசி நெருங்கிவிட்டது. கையெழுத்து விழுந்ததா? நீங்கள் சம்மதம் என்று சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. முத்தப்பன் மகனாக வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அந்த வீட்டில் என்ன இடம்? இரண்டாங்கட்டில் ஒரு பாய், மிச்சச் சோறு. அதற்கா இவ்வளவு பாடுபட்டீர்கள்?

‘ஏழாவது பெய’ரை முடிக்கச் சொல்லிவிட்டார்கள். ரங்கூன்காரர்கள் எழுபது பேர் என்னைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். பஸ்ஸில் ஒருவர் என் கதையை மடித்து ஜன்னல் இடுக்கில் செருகினார். அவசரத்தில் பிரதாப்பைக் கடலில் தள்ளிவிட்டேன்.

மெய்யநாதன்


உ
காரைக்குடி
9-12-1966

தம்பிக்கு ஆச்சி எழுதுவது. நான் சுகம். வீட்டில் மத்தவுக சுகத்தைப் பத்தி நீ கடைசியில் தெரிஞ்சுக்குவே.

பதில் போடாததுக்குக் காரணம், நீ எழுதித் தொலைச்சிருவேன்னு பயம். பிரதாப்பைக் கடலில் தள்ளினது நல்லதாப் போச்சு.

உங்க அத்தானுக்கு ஞாபகம் வந்த கதையைக் கேள். ஆவணிக் கடைசியில் கோவிலூர் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனோம். ஊருணிப் படியில் கால் கழுவ இறங்கினவுக, மூணு பேர் பார்க்கிறாங்களான்னு ஒருக்கா திரும்பிப் பார்த்துட்டு, மெதுவாக வழுக்கி விழுந்தாக. துண்டுகூட நனையலை. எழுந்து உட்கார்ந்து, ‘ரங்கூன்! ரங்கூன்!’னு இரண்டு தரம் கத்தினாக. உன் கதையில்கூட இவ்வளவு மட்டமான கட்டம் வந்ததில்லை தம்பி. கொழுந்தனார் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். நூற்றெட்டுத் தேங்காய் உடைச்சாங்க. அப்புறம் அந்தப் பிள்ளை விஷயத்தைத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னாக. ‘பாவம், மனுசர் எவ்வளவு தாங்கியிருக்கார்!’னு சொந்தம் முழுக்க உங்க அத்தானுக்குத்தான் ஆறுதல் சொல்லுச்சு. என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. செத்தவளையும் கேக்கலை.

போகட்டும். மறுநாளே கையெழுத்து விழுந்துச்சு. கருத்தையா காகிதத்தை மடிச்சு மடியில் வச்சுக்கிட்டுப் போனார். அன்னைக்கு மோர் குடிச்சார்.

ஐப்பசிக் கடைசியில் பிள்ளை வந்து சேர்ந்துச்சு. முழங்காலுக்குக் கீழே கால் இரண்டும் குச்சி. கண்ணில் ஒரு பயமும் இல்லை. கருத்தையாவின் தம்பி வீட்டில் பழகின தமிழ் பேசுது. சோற்றைப் பிசைஞ்சு கடைசிப் பருக்கை வரைக்கும் தின்னுது, யாராச்சும் இலையை எடுத்துருவாங்களோன்னு ஒரு கை இலை மேலேயே இருக்கு. அதைப் பார்த்தன்னைக்கு அடுப்படியில் போய் அழுதேன், சொல்லுறதுக்கென்ன. பேர் சொல்லிக் கூப்பிட என்னால் முடியாது. ‘இந்தா பிள்ளை’ங்கிறேன். அதுக்கும் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுறதுன்னு தெரியலை, முந்தானையைப் பிடிச்சு இழுக்குது. உங்க அத்தான் முகப்புப் பக்கமே இருக்காக. பிள்ளை அங்குட்டுப் போனால் பஞ்சாங்கத்தை விரிச்சுக்கிறாக.

நீ கேட்டதை நானும் யோசிக்காமல் இல்லை. முத்தப்பன் இப்பவே அதைப் பார்த்து, ‘இது எத்தனை நாளைக்கு?’ன்னு கேட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளை கூட்டுறதுக்கு நாள் குறிச்சிருந்தாங்க. பந்தல், மேளம், வளவு நிறையப் பங்காளிகள். வக்கீலும் காகிதத்தோடு வந்திருந்தார். முத்தப்பன் பட்டு வேட்டியில் வந்து நின்னான். உங்க அத்தான் மனையில் உட்கார்ந்தாச்சு. பக்கத்து மனை காலி. ‘ஆச்சியைக் கூப்பிடுங்க, நேரமாச்சு’ன்னாங்க. பிள்ளைக்குத் தலை பின்னிக்கிட்டிருந்தேன். பின்னி முடிச்சுட்டுத்தான் வந்தேன்.

‘உட்காருங்க’ன்னாங்க.

‘எதுக்கு?’ன்னேன்.

‘பிள்ளை கூட்டுறோம்ல.’

‘யாருக்கு? யார் சம்மதிச்சது?’

‘நீங்கதான் சம்மதிச்சீக, ஆவணியில்’னார் கொழுந்தனார்.

‘ஆவணியா?’ன்னேன். தூணைப் பிடிச்சுக்கிட்டுக் கீழே உட்கார்ந்தேன். நெற்றியைத் தேய்ச்சேன். ‘எனக்கு ஆவணி மாசமே ஞாபகம் இல்லையே! வைகாசி இருக்கு, ஆனி இருக்கு, இந்த வீட்டுக்கு ஒரு பெண் பிள்ளை வந்தது இருக்கு. ஆவணி மட்டும் அப்படியே அழிஞ்சுபோச்சே!’ன்னேன்.

மேளம் நின்னுபோச்சு. ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுறாங்க, தண்ணி கொண்டாங்கிறாங்க, விசிறுங்கிறாங்க. டாக்டரைக் கூப்பிடு, டாக்டரைக் கூப்பிடுன்னு வளவே கத்துது.

உங்க அத்தான் ஒருத்தர்தான் மனையிலிருந்து எழுந்திருக்காமல், என்னையே பார்த்துக்கிட்டு, டாக்டர் வேண்டாம்னு சொன்னாக.

ஆச்சி
நாகம்மை